ஒரே தரையில் இரண்டு போக்குவரத்து

1996 நவம்பரில், அமெரிக்காவில் கணினி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பஞ்ச் பிரஸ் இயக்கிக்கொண்டிருந்த 39 வயதுப் பெண் ஒருவர் ஃபோர்க்லிஃப்ட் விபத்தில் இறந்தார். அவர் எங்கும் நடந்து போய்க்கொண்டிருக்கவில்லை. தன் இயந்திரத்தருகே நின்று அன்றாட வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். வேகமாக ரிவர்ஸில் வந்த ஃபோர்க்லிஃப்ட், வழியில் இருந்த இரும்புக் கழிவுத் தொட்டி ஒன்றில் மோதியது. தொட்டி பிரஸ்ஸில் இடித்துத் திரும்பி வந்தது. ஃபோர்க்லிஃப்ட் மறுபடியும் அதைத் தள்ளியபோது தொட்டிக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவில் அந்தப் பெண் நசுங்கினார். அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ், தொழிற்சாலைகளுக்கு விடுத்த எச்சரிக்கை வெளியீட்டில் இந்த நிகழ்ச்சியைப் பதிந்திருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் யாரையாவது இடித்தால் நம் முதல் கேள்வி ‘யார் கவனிக்கவில்லை?’ என்பதுதான். இந்த மரணத்தில் அந்தக் கேள்வி பாதியிலேயே நின்றுவிடுகிறது. அவர் எதைக் கவனித்திருக்க வேண்டும்? ஓட்டுநர் வேகமாக வந்தது தவறு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் வேலை செய்யும் இடத்துக்கும் வண்டி ஓடும் பாதைக்கும் நடுவே ஒரு கழிவுத் தொட்டியைத் தவிர வேறெதுவும் ஏன் இல்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஃபோர்க்லிஃப்ட் மனிதரை இடிக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை கவனக்குறைவால் தொடங்குவதில்லை. தரையை எப்படிப் பங்கிட்டார்கள் என்பதிலேயே அவை தொடங்கிவிடுகின்றன. இந்த அத்தியாயம் அதைத்தான் சொல்ல வருகிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். 1980 முதல் 1994 வரை அமெரிக்காவில் 1,021 தொழிலாளர்கள் ஃபோர்க்லிஃப்ட் தொடர்பான விபத்துகளில் இறந்ததாக நியோஷ் கணக்கிட்டது. வண்டி கவிழ்ந்து இறந்தவர்கள் 22 சதவீதம், தரையில் இருந்தபோது வண்டி மோதி இறந்தவர்கள் 20 சதவீதம், வண்டியால் நசுக்கப்பட்டவர்கள் 16 சதவீதம், வண்டியிலிருந்து விழுந்தவர்கள் 9 சதவீதம். அண்மைக் காலத்திலும் இந்தச் சாவு ஓயவில்லை. 2011 முதல் 2017 வரையிலான ஏழு ஆண்டுகளில் அங்கே 614 பேர் இறந்திருக்கிறார்கள். வேலைக்கு வர முடியாத அளவுக்குக் காயம்பட்டவர்கள் ஆண்டுக்கு 7,000 பேருக்கும் மேல். பிரிட்டனில் 2023-24இல் வேலையின்போது நேர்ந்த 138 மரணங்களில் 25, ஓடும் வண்டி மோதியதால் வந்தவை. ஃபோர்க்லிஃப்ட் மட்டுமல்ல, எல்லா வகை வண்டிகளும் சேர்ந்த கணக்கு அது. இவை பயிற்சி விதியும் ஆய்வாளர்களும் உள்ள நாடுகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கும் ஆண்டுதோறும் இது நடக்கிறதென்றால், ‘கவனமாக இருங்கள்’ என்று சொல்லிச் சொல்லித் தீர்த்துவிடக்கூடிய சிக்கல் இல்லை இது.

கவனக்குறைவுதான் காரணம் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹைன்ரிக், 1931இல் வெளியிட்ட நூலில் 75,000 விபத்துப் பதிவுகளை அலசி, 88 சதவீதம் மனிதரின் பாதுகாப்பற்ற செயலால், 10 சதவீதம் பாதுகாப்பற்ற சூழலால், 2 சதவீதம் தவிர்க்க முடியாதவை என்று பிரித்தார். தொழில் பாதுகாப்புத் துறையில் இந்த 88 போல நெடுங்காலம் வாழ்ந்த எண் வேறில்லை. ஆனால் அந்த 75,000 பதிவுகளில் 63,000 ஆலைகளின் சொந்தப் பதிவேடுகள். மீதி காப்பீட்டுக் கோப்புகள். இத்தகைய பதிவை எழுதுகிறவர் சூப்பர்வைசர் அல்லது மேலாளர். பாதை குறுகல் என்று எழுதினால் அது தன் பொறுப்பாகிவிடும், ஆள் பார்க்கவில்லை என்று எழுதினால் கோப்பு மூடிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். ஹைன்ரிக் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த பதிவுகளே முடிவைத் தூக்கிக்கொண்டு வந்தன. இன்றைக்கும் பல ஆலைகளில் விபத்து விசாரணைப் படிவம் இதே வேலையைச் செய்கிறது.

ஃபோர்க்லிஃப்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் கவனம் என்பதற்கு அது எவ்வளவு குறைவாக இடம் விடுகிறது என்று புரியும். இரண்டரை டன் தூக்கும் சாதாரண வண்டியின் சொந்த எடை மூன்றரையிலிருந்து நான்கு டன். முன்னால் சுமை, பின்னால் அதைச் சமன் செய்ய ஒரு பெரிய வார்ப்பிரும்பு எடை. முன்சக்கரங்கள் சுமையைத் தாங்குகின்றன, பின்சக்கரங்கள் திருப்புகின்றன. காரில் முன்பகுதி திரும்பும், பின்பகுதி அதைத் தொடர்ந்து வரும். ஃபோர்க்லிஃப்டில் முன்பகுதி கிட்டத்தட்ட ஓரிடத்தில் நிற்க, பின்னால் உள்ள இரும்பு எடை எதிர்ப்பக்கமாக அகல வீசித் திரும்புகிறது. ஓட்டுநர் வலப்பக்கம் திருப்பும்போது இடப்பக்கம் நிற்பவர்மேல் வண்டியின் பின்பகுதி பாய்கிறது. வண்டி நம்மை விட்டு விலகிப் போகிறது என்று நினைத்து நிற்கிறவர்தான் அதில் அகப்படுகிறார். முன்பக்கம் பார்வைக்கு, சுமையைத் தூக்கும் மாஸ்டின் இரண்டு இரும்புத் தூண்கள், நடுவே சங்கிலியும் ஹைட்ராலிக் சிலிண்டரும் தடை. சுமை உயரமாக இருந்தால் முன்பார்வையே இல்லை. அப்போது சுமையைப் பின்னால் வைத்துக்கொண்டு ரிவர்ஸில்தான் ஓட்ட வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. சரியான விதிதான். அதன்படி நடக்கும் ஓட்டுநர் உடலை முறுக்கி, கழுத்தைத் திருப்பி, ஒரு தோளின் மேலாகப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓட்டுகிறார். மற்றத் தோளின் பக்கம் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

கிடங்குகளில் ரேக் வரிசை முடியும் மூலை இதைவிட மோசம். ஓட்டுநரின் கண்ணுக்கும் ஃபோர்க் நுனிக்கும் நடுவே சுமார் இரண்டு மீட்டர் தூரம் இருக்கிறது. இரண்டு ரேக்குகளுக்கு நடுவிலிருந்து வண்டி குறுக்குப் பாதைக்கு வரும்போது முதலில் வெளியே நீள்வது ஃபோர்க், அடுத்து சுமை, அதன்பின் மாஸ்ட். அவர் பக்கவாட்டில் பார்க்க முடிகிற நேரத்தில் வண்டியின் முன்பாதி ஏற்கெனவே குறுக்குப் பாதையில் நிற்கிறது. உலகத்திலேயே மிகக் கவனமான ஓட்டுநரை உட்கார வைத்தாலும் அந்த இரண்டு மீட்டர் மாறாது. ரேக்கை ஒட்டி நடந்து வரும் ஆளுக்கும் அதே கதிதான். பலகைகளும் அட்டைப் பெட்டிகளும் மறைத்த மூலையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு இரும்புப் பட்டைகள் நீண்டு வருவது அவர் கண்ணில் படுவது கடைசி நொடியில்.

வேகத்தைக் கணக்கில் எடுத்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். மணிக்கு 10 கி.மீ. என்றால் நொடிக்கு 2.8 மீட்டர். ஆளைப் பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 4.2 மீட்டர் ஓடிவிடும். சுமையோடு சட்டென்று பிரேக் போட்டால் சுமை முன்னால் சரியும், சில சமயம் வண்டியே குப்புறச் சாயும். ஆகவே நிதானமாகத்தான் நிறுத்த முடியும். அதற்கு இன்னும் இரண்டு மீட்டர். மொத்தம் 6 மீட்டருக்கும் மேல். 15 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு பத்தரை மீட்டரைத் தாண்டுகிறது. 6 கி.மீ.க்குக் குறைத்தால் மூன்றேகால் மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும். அந்த ஒன்றரை நொடியில் சாதாரணமாக நடக்கிற ஆளும் இரண்டு மீட்டர் முன்னேறியிருப்பார். நான்கு மீட்டர் அகலமுள்ள ஒரு பாதையின் மூலையில் இந்த எண்களை வைத்துப் பார்த்தால், பத்து கி.மீ. வேகத்தில் வரும் வண்டிக்கு அங்கே நிற்க இடமே இல்லை என்பது தாளிலேயே தெரிகிறது.

பத்து கி.மீ. என்பது சைக்கிள் வேகம், அதில் இடித்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, பதிலும் நேரடியானது. திறந்த வெளியில் அந்த வேகத்தில் ஒருவர்மேல் வண்டி மோதினால் அவர் வண்டியின் வேகத்தில் தள்ளப்படுவார், அவ்வளவுதான். எலும்பு முறியலாம், பெரும்பாலும் பிழைத்துவிடுவார். ஆனால் தொழிற்சாலைக்குள் திறந்த வெளி எங்கே இருக்கிறது? பின்னால் சுவர், ரேக், லாரியின் உடல், இன்னொரு பாலெட். அவற்றுக்கும் வண்டிக்கும் நடுவே ஆள் மாட்டினால், வண்டியும் சுமையும் சேர்ந்த ஆறு டன்னை நிறுத்தும் வேலை அவர் உடலின்மேல் விழுகிறது. மணிக்கு 3 கி.மீ. வேகம்கூட அதற்குப் போதும். கால் மாட்டினாலும் அப்படித்தான். வெறும் வண்டியின் ஒரு பின்சக்கரத்தின் மேல் ஏறத்தாழ ஒரு டன் எடை இருக்கிறது, டயரோ திடமான ரப்பர். பாதுகாப்புக் காலணியின் இரும்பு முனை விரல்களைக் காக்கலாம், அதற்குப் பின்னால் உள்ள பாதத்துக்கு அது எதுவும் செய்யாது.

இனி மனிதரின் கண்ணுக்கு வருவோம். ஓட்டுநர் பார்த்துத்தான் ஓட்டினார், ஆனாலும் ஆள் தெரியவில்லை என்கிறார். இதைச் சாக்கு என்று ஒதுக்குவதற்கு முன் இரண்டு ஆய்வுகளை நினைத்துப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் விமானப்படையினர் எதிரியின் தடயத்தைத் தவறவிடுவது ஏன் என்று ஆராய்ந்தார் நார்மன் மேக்வொர்த். அவர் வைத்த சோதனையில், ஒரே மாதிரி துள்ளும் கடிகார முள் எப்போதாவது இரட்டைத் துள்ளல் துள்ளும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். 1948இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு கண்டுபிடிக்கும் திறன் தெளிவாகக் குறைந்தது. 2005இல் ஜெரமி உல்ஃப் குழுவினர் நேச்சர் இதழில் இன்னொன்றைக் காட்டினார்கள். விமான நிலையப் பை சோதனை போன்ற படங்களில் பாதியில் தேடும் பொருள் இருந்தபோது பார்ப்பவர்கள் 7 சதவீதத்தைத் தவறவிட்டார்கள். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதத்தைத் தவறவிட்டார்கள். அரிதாக வருவதைக் கண் எளிதில் விட்டுவிடுகிறது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை அதே மூலையைத் திரும்புகிற ஓட்டுநருக்கு, அங்கே ஆள் வருவது எப்போதோ ஒரு தடவை. ‘ஆள் வரவே மாட்டார்’ என்று அவர் மூளைக்குக் கற்றுக் கொடுப்பது அந்தப் பாதையேதான்.

ஒளிரும் சட்டை போட்டால் போதாதா? 1964இல் பிரிட்டிஷ் ரயில்வே கிளாஸ்கோவில் தண்டவாளப் பணியாளர்களுக்கு ஆரஞ்சு நிறச் சட்டை கொடுத்துச் சோதித்தது, அதிலிருந்துதான் இன்றைய சட்டை பரவியது. நீண்ட நேர்பாதையில், தூரத்திலிருந்து பார்க்கும் எஞ்சின் ஓட்டுநருக்கு அது அருமையான உதவி. ரேக் மூலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் சட்டை எந்த நிறமானாலும் ஒன்றுதான். ரிவர்ஸ் ஒலியும் இப்படித்தான். ‘பீப் பீப்’ என்ற ஒற்றைச் சுருதி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் பிரித்தறியாது. தாழ்ந்த சுருதிகளுக்கு ஒரு காதுக்கும் மறு காதுக்கும் உள்ள நேர வேறுபாடும், உயர்ந்தவற்றுக்கு ஒலியளவு வேறுபாடும் துணை செய்கின்றன. இடைப்பட்ட சுருதியில் இரண்டுமே மங்கிவிடும். நான்கு வண்டிகள் ஒரே நேரத்தில் ஒலித்தால், தகரக் கூரையிலும் சுவரிலும் எதிரொலித்து, நடப்பவருக்குச் செய்தி எதுவும் மிஞ்சாது. பல சுருதிகள் கலந்த ‘ஷ் ஷ்’ என்ற ஒலிப்பான் இதைவிட நல்லது, திசை தெரியும். வாங்கிப் பொருத்தத் தகுந்ததுதான். ஆனால் எச்சரிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது கவனத்தைத்தான் நம்பி நிற்கிறது.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் முதல் தலைவரான மருத்துவர் வில்லியம் ஹேடன், 1970இல் ‘புலிகள் தப்பியோடுவது பற்றி’ என்ற கட்டுரையில் எந்தக் காயத்தையும் ஆற்றல் உடல்மேல் பாய்வதாகப் பார்த்து, அதைத் தடுக்கப் பத்து வழிகளை வரிசைப்படுத்தினார். ஆற்றலையும் மனிதரையும் இடத்தாலோ நேரத்தாலோ பிரிப்பது அவற்றில் ஒன்று, நடுவே ஒரு தடுப்பை வைப்பது அடுத்தது. ஃபோர்க்லிஃப்டுக்கு இந்தப் பார்வை அப்படியே பொருந்துகிறது. 1917இல் மிச்சிகனில் கிளார்க் நிறுவனம் தன் ஆலைக்குள் பொருள்களை நகர்த்தச் செய்த சிறு வண்டியிலிருந்து தொடங்கிய இந்த இயந்திரக் குடும்பம், மனிதர்கள் நடப்பதற்காகக் கட்டிய தரையில் வந்து புகுந்தது. சாலையில் வண்டிகள் பெருகியபோது நடைபாதை வந்தது. ஆலைக்குள் மஞ்சள் கோடுதான் வந்தது. கோடு ஆறு டன்னைத் தடுக்காது. பத்து கி.மீ. வேகத்தில் அந்த ஆறு டன்னிடம் உள்ள ஆற்றல் சுமார் 23 கிலோஜூல், ஒரு சிறு கார் மணிக்கு இருபது கி.மீ.க்கும் மேலான வேகத்தில் வருவதற்குச் சமம். ஆள் பிடித்துக்கொள்ளும் மெல்லிய கம்பித் தடுப்பும் அதற்குப் போதாது. தரையில் ஆழப் பதித்த எஃகுத் தடுப்பு வேண்டும். ஆளுக்குத் தனிக் கதவு, வண்டிக்குத் தனிக் கதவு. கடக்க வேண்டிய இடத்தில் ஒருவர் நேராக ஓடிவர முடியாதபடி வளைத்து வைத்த வாயில். பிரிட்டனில் 1992 பணியிட விதிகளின் 17ஆம் விதி, நடப்பவரும் வண்டியும் பாதுகாப்பாகப் போகும்படி போக்குவரத்தை ஒழுங்கு செய்ய வேண்டும் என்று முதலாளியையே பொறுப்பாக்குகிறது. பொறுப்பு சரியான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

இதற்கு முதல் மறுப்பு, பயிற்சி பலனற்றதா என்பது. இல்லை. கோஹனும் ஜென்சனும் 1984இல் கிடங்கு ஓட்டுநர்கள் ஓட்டுவதை நேரடியாகக் கவனித்து எண்ணி, பயிற்சிக்குப் பின் தவறுகள் குறைந்ததைக் காட்டினார்கள். பயிற்சி இல்லாதவரை வண்டியில் ஏற்றுவது குற்றம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் குறைந்தது என்பது மறைந்தது ஆகாது. ஒரு ஷிஃப்டில் முந்நூறு முறை கடக்கும் மூலையில் ஆயிரத்தில் ஒரு தவறு என்றாலும், மூன்று நான்கு நாளைக்கு ஒன்று. அதில் எத்தனை முறை ஆள் குறுக்கே இருப்பார் என்பது மட்டும்தான் மிச்சம், அதைத் தீர்மானிப்பது தரை. ஓட்டுநரின் நிலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு மணிக்கு எத்தனை பாலெட் என்று எண்ணுகிற இடத்தில், ‘மூலையில் நின்று ஹார்ன் அடித்துப் போ’ என்ற விதியை மீறச் சொல்வது விதி எழுதிய நிர்வாகமே. அறுபது மீட்டர் தூரத்தை 10 கி.மீ.யில் கடக்க 22 நொடி, 6 கி.மீ.யில் 36 நொடி. வித்தியாசம் 14 நொடி. தூக்கி, இறக்கி, ரேக்கில் பொருத்தும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது சிறிது, ஆனால் இலக்கு அட்டையில் அந்த 14 நொடியை யாரும் ஓட்டுநருக்கு எழுதிக் கொடுப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: இடம் இல்லை, ஒரு மீட்டர் நடைபாதை விட்டால் ஒரு ரேக் வரிசை போய்விடும் என்கிறார்கள். சில கட்டடங்களில் இது உண்மை. ஆனால் தொழிலாளி ஏன் அந்தப் பாதையில் நடக்கிறார் என்று கேட்டால் இடத்தைவிட மலிவான வழிகள் தெரியவரும். அவர் கழிப்பறைக்குப் போகிறார். தண்ணீர் குடிக்கப் போகிறார். வருகைப் பதிவு இயந்திரத்தில் விரல் வைக்கப் போகிறார், கேன்டீனுக்கோ சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கவோ போகிறார். இவை எல்லாவற்றையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்தது அவரில்லை. தண்ணீர்த் தொட்டியை வண்டிப் பாதைக்கு இந்தப் பக்கம் நகர்த்தினால், ஒரு நாளில் நடக்கும் குறுக்கீடுகளில் பெரும்பங்கு ஒரு குழாய்ச் செலவில் போய்விடும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கத்து ஆலைகளிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பேருந்திலிருந்து இறங்கும் கூட்டமும், வீட்டுக்குக் கிளம்பும் கூட்டமும், சரக்கு ஏற்றும் வண்டிகளும் ஒரே முற்றத்தில் சேர்கின்றனவா? சேர்ந்தால் அந்த இருபது நிமிடம் ஃபோர்க்லிஃப்டை நிறுத்தி வைக்கலாம். இது நேரத்தால் பிரிப்பது, இதற்கு ஒரு சதுர அடிகூட வேண்டாம். நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த ஆலையின் எந்த மூலையில் வண்டி வரும் என்று தெரியாது. அவர் உயிரை அவருடைய அனுபவத்தின்மேல் வைக்க முடியாது என்பதால் இது அவருக்குத்தான் மிகவும் தேவை.

மூன்றாவதாக, கருவிகள் வந்துவிட்டனவே என்பார்கள். வண்டிக்கு முன்னால் தரையில் நீலப் புள்ளி வீசும் விளக்கு, ஆளின் சட்டையில் வைத்த பட்டை நெருங்கினால் ஒலிக்கும் கருவி, ஆளை அடையாளம் காணும் கேமரா. நீல விளக்கை நான் வரவேற்கிறேன். வண்டியின் உடல் மூலைக்கு வருவதற்கு முன்பே அதன் ஒளி அங்கே வந்துவிடுகிறது, மின்சார வண்டிகள் சத்தமில்லாமல் வரும் காலத்தில் அது பயன்தான். ஒலிக்கும் கருவிகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஆட்களும் வண்டிகளும் நாள் முழுதும் கலந்து நடமாடும் தரையில் அது நாள் முழுதும் ஒலிக்கும். பெரும்பாலும் ஆபத்தில்லாமலேயே ஒலிக்கும். புலி வருகிறது கதைதான், ஒரு வாரத்தில் அதை யாரும் காதில் வாங்குவதில்லை, இரண்டாம் வாரத்தில் யாரோ ஒருவர் அதன் ஒலிபெருக்கியில் டேப் ஒட்டுகிறார். முதலில் தரையைப் பிரித்துவிட்டால் இதே கருவி எப்போதாவது மட்டும் ஒலிக்கும், அப்போது அதற்கு மதிப்பு இருக்கும். ஆளைக் கண்டதும் தானாக வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு இன்னும் நல்லது, அது யாருடைய காதையும் நம்பி இல்லை.

முழுமையாகப் பிரிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. அவற்றில் கடினமானது லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் இடம். லாரி டிரைவர் அந்த ஆலையின் ஊழியர் இல்லை, அந்தத் தரை அவருக்குப் பழக்கமும் இல்லை. ஆனால் தார்ப்பாயை அவிழ்க்கவும் கயிறு கட்டவும் சரக்கை எண்ணவும் லாரியைச் சுற்றி நடக்க வேண்டியவர் அவர்தான். ஃபோர்க்லிஃப்ட் அதே லாரியின் இரண்டு பக்கமும் மாறி மாறி வருகிறது. பின்னால் லாரியின் உடல், முன்னால் ஃபோர்க், நடுவில் ஆள் என்ற அமைப்பு இங்கே தானாகவே உருவாகிறது. இங்கே சுவர் கட்ட வழியில்லை, நேரத்தைத்தான் பிரிக்க வேண்டும். தார்ப்பாய் அவிழ்க்கும்வரை ஃபோர்க்லிஃப்ட் தரையில் போட்ட ஒரு கோட்டுக்கு அப்பால் நிற்கும். அவிழ்த்து முடித்ததும் டிரைவர் லாரியின் சாவியைக் கொடுத்துவிட்டு, கண்ணாடி வழியே சரக்கு ஏறுவதைப் பார்க்கக்கூடிய தடுப்பறைக்குள் போவார். அவர் உள்ளே போன பிறகே வண்டி லாரியை நெருங்கும். கயிறு கட்ட அவர் வெளியே வரும்போது வண்டி மறுபடி கோட்டுக்கு அப்பால் போய்விடும், ஃபோர்க் தரையில் இறங்கியிருக்கும். சாவி கிடங்குப் பொறுப்பாளரிடம் இருப்பதால் பாதி ஏற்றத்தில் லாரி நகர்ந்து ஃபோர்க்லிஃப்ட் கீழே விழும் இன்னொரு விபத்தும் இதோடு சேர்ந்து தடுக்கப்படுகிறது. ஒரு லாரிக்கு இதனால் கூடுவது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களுக்கான கூலியை டிரைவரிடமிருந்து பிடிக்காமல் சரக்கு அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஏற்க வேண்டும் என்பதைப் போக்குவரத்து ஒப்பந்தத்திலேயே எழுத முடியும்.